பத்தா, பதின்மூன்றா

டயர் கடையில் முப்பது வருடமாக வேலை பார்க்கும் அந்த மனிதருக்கு நட்டு அண்ணன் என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். சக்கரத்தை மாட்டி நட்டை முறுக்குவார். ஜாக்கியை இறக்கிவிட்டு மறுபடி முறுக்குவார். வண்டிக்காரர் சாவியைப் போட்டுக் கிளம்பப் போகும் நேரத்தில், "ஒரு நிமிஷம் சார், ஒரே நிமிஷம்" என்று ஸ்பானரோடு ஓடிவந்து மூன்றாவது தடவையும் முறுக்குவார். அப்படியும் மனம் ஆறாது. மறுநாள் அந்த வண்டியைத் தெருவில் எங்காவது பார்த்தால், செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து நட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

பயம் அவரோடு கூடவே பிறந்தது. லிஃப்டில் ஏறமாட்டார், ஆறாவது மாடி என்றாலும் படிதான். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனால் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து ஒருமுறை பார்ப்பார். பல் பிடுங்க நாற்காலியில் சாய்ந்தவர், டாக்டர் கை கழுவப் போன இடைவெளியில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தப் பல் இன்றும் அவர் வாயில்தான் இருக்கிறது. "இவர் கனவுல பறந்தாகூட சீட் பெல்ட் போட்டுக்கிட்டுத்தான் பறப்பார்" என்று அவர் மனைவி ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சொன்னது பொய்யில்லையே.

இப்படிப்பட்ட ஆள் பந்தயக் காருக்கு டயர் தேர்ந்தெடுப்பவராக ஆனதற்கு அந்த மனைவியேதான் காரணம்.

அந்த அம்மாள் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர். எல்லோருக்கும் டீச்சர். இருபது வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, கிளட்ச்சை எப்போது விடுவதென்று தெரியாதவர்களோடு மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் தெருத்தெருவாகச் சுற்றியவர். நாற்பத்தைந்தாவது வயதில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இனிமே ஞாயித்துக்கிழமைன்னா நான் ஓட்டணும். பக்கத்துல யாரும் இருக்கக்கூடாது" என்றார்.

டீச்சரின் தம்பி வெல்டர். இரும்பு கேட், ஜன்னல் கம்பி செய்கிற பட்டறை வைத்திருந்தார். அக்கா கேட்டால் மறுக்கத் தெரியாதவர். இரும்புக் குழாய்களை வளைத்து ஒட்டி, நடுவில் ஒரே ஒரு சீட் வைத்து, பின்னால் ஒரு பைக் இன்ஜினைப் பொருத்தி, எட்டு மாதத்தில் ஒரு வண்டியைச் செய்து நிறுத்திவிட்டார். கூரை கிடையாது, கதவு கிடையாது. நான்கு சக்கரமும் உடம்புக்கு வெளியே நண்டுக் கால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. முதல்முதலாக அதைப் பார்த்த நட்டு அண்ணன் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மீதி எங்க, மச்சான்?"

பந்தயம் என்றதும் பத்து வண்டிகள் முட்டி மோதிக்கொண்டு பறப்பதாக நினைத்துவிட வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிறு, சரக்குக் கிடங்கு ஒன்றின் பெரிய வண்டி நிறுத்தத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை அடுக்கி, வளைந்து வளைந்து போகிற மாதிரி ஒரு பாதை அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். எதிரி கடிகாரம். கூம்பைத் தட்டினால் இரண்டு விநாடி கூடிவிடும். ஐம்பது விநாடியில் எல்லாம் முடிந்து, கடைசியில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு கட்டத்துக்குள் வண்டி நின்றுவிட வேண்டும். அந்தக் கட்டத்துக்கு அப்பால் அறுபதடியில் கிடங்கின் சுவர். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்தால் வளைவுகளைப் பார்ப்பார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நட்டு அண்ணன் பார்ப்பது அந்தச் சுவரை.

முதல் நான்கு வருடமும் வண்டி பதின்மூன்று அங்குல ரிம்மில்தான் ஓடியது. அது அண்ணன் எடுத்த முடிவு. பெரிய ரிம் என்றால் உள்ளே பிரேக்குக்கு நிறைய இடம். எதுவும் எதிலும் உரசாது. டயரும் அகலமானது, தாராளமாகத் தரையைப் பிடிக்கும். வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் நாலு விரற்கடை இடம் விட்டு நிற்கிற மனிதருக்கு அது பொருத்தமான அளவுதான். ஆனால் டீச்சர் ஒவ்வொரு தடவையும் அரை விநாடியில், கால் விநாடியில் தோற்றுக்கொண்டிருந்தார். ஜெயிப்பவர் ஒரு பல் டாக்டர். அண்ணன் ஓடிவந்தது அதே டாக்டரின் நாற்காலியிலிருந்துதான் என்பதால் பேச்சும் அதிகம் வைத்துக்கொள்ள முடியவில்லை.

போன வருடக் கடைசிப் பந்தயத்தில் வித்தியாசம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. டீச்சர் வீட்டுக்கு வந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினார். அண்ணன் சமையலறை வாசலில் நின்று அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய பயத்தைத்தான் இவள் நான்கு சக்கரமாகக் கட்டிச் சுமந்துகொண்டு ஓடுகிறாள் என்று அவருக்கு அப்போது பட்டது. அதை நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரமே பழைய நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டார். பத்து அங்குல ரிம் போட்டால் ஒவ்வொரு சக்கரமும் மூன்று கிலோ இளைக்கும். சின்னச் சக்கரம் சட்டென்று சுழலும், சட்டென்று நிற்கும். வண்டி இரண்டு அங்குலம் தாழ்ந்து, வளைவில் சாயாமல் போகும். சின்ன டயர் சீக்கிரம் சூடேறும்; ஐம்பது விநாடிப் பந்தயத்தில் பெரிய டயர் சூடேறுவதற்குள் ஓட்டமே முடிந்துவிடுகிறது. இழப்பது உச்ச வேகம்தான். கூம்புகளுக்கு நடுவே அந்த வேகத்தை யாரும் தொடப்போவதில்லை. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் பத்துதான் சரி என்று வந்தது.

கடைக்காரர் சொல்வதையும் டயரில் அச்சடித்திருப்பதையும் அண்ணன் நம்பிவிடுகிற ஆளில்லை. டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, தரையில் ஒரு கோடு. இரவல் வாங்கிய பத்து அங்குலச் சக்கரங்களை மாட்டி, டீச்சரை வண்டிக்குள் உட்காரவைத்து, சக்கரம் ஒரு முழுச் சுற்று உருளும்வரை தள்ளி, தரையில் நாடாவை வைத்து அளந்தார். காற்றைக் குறைத்து அளந்தார், கூட்டி அளந்தார். டயர் ஏற்றாத வெற்று ரிம்மை மாட்டுவதற்கு முன் பிரேக்கின் மேல் களிமண்ணை அப்பி, ரிம்மை மாட்டிச் சுற்றி, கழற்றி, நசுங்காமல் மிஞ்சிய களிமண்ணின் கனத்தைப் பார்த்தார். மிகக் குறுகலான இடத்தில் ஐந்து மில்லிமீட்டர். அது பிரேக்கின் உச்சியில் துருத்திக்கொண்டிருக்கும் நிப்பிள்; குழாயிலிருந்து காற்றை எடுக்கத் திறந்து மூடுகிற சின்னத் திருகு. ஐந்து மில்லிமீட்டர் போதும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அண்ணனுக்கு ஐந்தடி இருந்தாலும் போதாதுதான். ஆனாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, "பத்தே போடலாம்" என்று சொல்லிவிட்டார். டீச்சர் அவரை நம்பமுடியாமல் பார்த்தார். "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

வெல்டர் ஸ்டியரிங் கம்பியின் பிடியை அறுத்து, புதிய சக்கரத்துக்குத் தோதாக இரண்டு விரல் தள்ளி ஒட்டிக்கொடுத்தார். சனிக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து அண்ணன் டயர்களை ஏற்றி முடித்தார். ஞாயிறு காலை மூன்று பேரும் வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு கிடங்குக்கு வந்தார்கள். பழைய பதின்மூன்று அங்குலச் சக்கரங்களும் வேனில் வந்தன. அண்ணன் எதையும் வீட்டில் விட்டுவிட்டு வரமாட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போன வருடம் அண்ணன் பந்தயத்தை இரண்டு தடவை நிறுத்தியிருந்தார். ஒருமுறை இன்ஜினிலிருந்து புகை வருகிறது என்று கத்திக்கொண்டு ஓடினார். புழுதி. இன்னொருமுறை சக்கரத்தில் கடகடவென்று சத்தம் என்று குறுக்கே போய் நின்றார். டீச்சரின் உடையில் ஜிப் ஆடிய சத்தம். பந்தயத்தை நடத்துகிற கொடிக்காரர் நிதானமானவர். ஆனாலும் இரண்டாவது தடவை அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை சும்மா நிறுத்தினீங்கன்னா உங்க வண்டிய அன்னைக்கு முழுக்க பந்தயத்துலேருந்து எடுத்துடுவேன். தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லியிருந்தார். டீச்சர் அன்றைக்கு வீட்டு வாசலில் வேனை விட்டு இறங்கியதும் சொன்னார். "இனிமே என்னை நிறுத்த மாட்டேன்னு சொல்லுங்க." அண்ணன் வாக்குக் கொடுத்தார்.

முதல் ஓட்டம் அற்புதமாக இருந்தது. அண்ணனே ஒத்துக்கொண்டார். வண்டி கூம்புகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போனது. டீச்சர் கட்டத்துக்குள் நிறுத்தியபோது, பல் டாக்டரைவிட முக்கால் விநாடி முந்தியிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியபோது அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை அண்ணன் நான்கு வருடமாகப் பார்த்ததில்லை.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"பறக்குதுங்க. பெரிய வளைவுல மட்டும் இடது பக்கம் டிக் டிக்குனு என்னமோ கேட்டுச்சு. கல்லு தெறிச்சிருக்கும்."

அந்த டிக் டிக் அண்ணன் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் சத்தம் என்ற பேச்சையே எடுக்கும் உரிமை அவருக்குப் பறிபோயிருந்தது. ஜாக்கி வைத்து இடது முன்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். வெண்ணெயில் விட்ட கத்தி மாதிரி சத்தமில்லாமல் சுற்றியது. நட்டுகளை முறுக்கினார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. டீச்சர் அடுத்த ஓட்டத்துக்கு வரிசையில் போய் நின்றுவிட்டார். முன்னால் நான்கு வண்டிகள்.

சாய்ந்த கூம்புகளை நிமிர்த்தி வைக்கிற வேலை ஒவ்வொரு குழுவுக்கும் முறை வைத்து வரும். அப்போது வெல்டரின் முறை. அவர் வேலையை முடித்துவிட்டு இரண்டு டீயும், உள்ளங்கையில் ஏதோ ஒன்றுமாக வந்தார்.

"மாமா, இது பெரிய வளைவுகிட்ட கிடந்துச்சு. உங்க கடைச் சாமான் மாதிரி இருக்கே."

கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சாம்பல்நிற இரும்புத் துண்டு. பின்னால் பசை நாடா. சக்கரம் ஒருபக்கம் கனத்து ஆடாமலிருக்க, ரிம்மில் ஒட்டுகிற பத்து கிராம் எடை. அண்ணன் ஒரு நாளைக்கு நூறு ஒட்டுகிறவர். அதன் ஓரம் ஒன்று பளபளவென்று தேய்ந்திருந்தது.

அண்ணனின் கையிலிருந்த டீ பேண்ட்டில் கொட்டியது. சுட்டது அவருக்குத் தெரியவில்லை.

நேற்று மத்தியானம் டயரை ஏற்றியதும், அவருடைய கை அவரைக் கேட்காமலே சக்கரத்தை எடுத்து பாலன்ஸ் மெஷினில் மாட்டியிருந்தது. முப்பது வருடப் பழக்கம். டயர் ஏற்றினால் பாலன்ஸ் பார்க்காமல் எந்தச் சக்கரமும் அவர் கடையை விட்டுப் போனதில்லை. ஐம்பது விநாடி ஓடப்போகிற வண்டிக்கு அது தேவையே இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. மெஷின் காட்டிய இடத்தில், ரிம்மின் உட்பக்கம், வரிசையாக ஆறு துண்டு ஒட்டினார். ஒவ்வொன்றும் பசையோடு சேர்த்து ஐந்து மில்லிமீட்டர் கனம். களிமண் வைத்து அளந்தது அதற்கு முன்னால். அளந்தது வெற்று ரிம்மை.

கையால் சுற்றினால் துண்டு நிப்பிளில் படாமல் மயிரிழையில் தப்பித்துப் போகும். வேகமாக வளைவில் திரும்பினால் அந்த மெல்லிய ரிம் கொஞ்சம் நெளியும். நெளிந்தால் துண்டு போய் நிப்பிளில் அடிக்கும். அடித்து அடித்து நிப்பிளை உடைத்தால் பிரேக் ஆயில் ஒழுகிப்போகும். அப்புறம் பிரேக் மிதித்தால் கால் ஆழத்துக்குப் போகும், வண்டி நிற்காது. அறுபதடியில் சுவர்.

அண்ணன் வரிசையைப் பார்த்தார். நான்கு வண்டி என்று நினைத்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. டீச்சரின் வண்டி கோட்டுக்கு வந்து நின்றிருந்தது.

"மாமா, வேணாம்" என்றார் வெல்டர், அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு. "பசை சரியா ஒட்டாம விழுந்திருக்கும். இப்ப போய் நிறுத்தினீங்கன்னா வண்டிய எடுத்துடுவாங்க. அக்கா உங்கள மன்னிக்கவே மாட்டா."

அதுவும் இருக்கலாம். பசைதான் விட்டிருக்கலாம். அப்படியானால் நான்கு வருடத்தில் முதல்முறையாக முன்னால் இருக்கிற இந்த ஒரு நாளையும் அவர் கெடுத்தவர் ஆவார். அந்த முகத்து வெளிச்சத்தைத் தன் கையாலேயே ஊதி அணைத்தவர் ஆவார். பளபளக்கிற ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். தேய்ந்தது தேய்ந்ததுதான். எதிலோ உரசாமல் இரும்பு தேயாது.

பாதையைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்குக் கீழே குனிந்து ஓடினார். ஓடினார் என்று சொல்வது மரியாதைக்கு. முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்தன. கொடிக்காரரின் கை மேலே போயிருந்தது. அண்ணன் நேராக வண்டியின் மூக்குக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் நீட்டினார். இன்ஜின் உறுமலில் கால் சட்டை அதிர்ந்தது. கொடி ஒரு விநாடி முந்தி விழுந்திருந்தால் வண்டி அவர் மேலேயே ஏறியிருக்கும்.

டீச்சர் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளினார். கோபமாக இருந்திருந்தால் அண்ணன் தாங்கியிருப்பார். அந்தக் கண்கள் கெஞ்சின.

"ஏங்க, வேண்டாங்க. இந்த ஒரு தடவை. ஓரமாப் போயிடுங்க."

அண்ணன் இடது முன்சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, ரிம்மின் இடுக்கில் விரலை விட்டார். உள்ளே சுட்டது. விரல் எதன் மேலோ வழுக்கியது. வெளியே எடுத்து டீச்சரின் முகத்துக்கு நேராக நீட்டினார். விரல்நுனி ஈரமாக மின்னியது.

"தண்ணியா?" என்றார் கொடிக்காரர், எரிச்சலோடு கிட்டே வந்து.

"பிரேக் ஆயில்" என்றார் அண்ணன். பிறகு, இன்னும் சின்னக் குரலில், "நான்தான்" என்றார்.

டீச்சர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் அடங்கியது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சக்கரத்தைக் கழற்றியபோது சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. நிப்பிள் ஒருபக்கம் வளைந்து, அடியில் ஆயில் ஒரு சொட்டாகத் திரண்டு விழுந்தது. இன்னொரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது. ஒட்டிய ஆறில் இரண்டைக் காணோம். கொடிக்காரர் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, சுவரைப் பார்த்தார்.

"இதை யார் ஒட்டினது?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"நான்தான். யாரும் ஒட்டச் சொல்லல. பழக்கதோஷம்." அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். உலகத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பயந்த மனிதர் தன் கையைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான். டீச்சர் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபது வருடம் பக்கத்து சீட்டில் பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்திருந்தவருக்கு அது என்ன சொட்டு என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"முக்கால் மணி நேரம் தரேன்" என்றார் கொடிக்காரர். "சரி பண்ணிட்டு, பிரேக் டெஸ்ட் பண்ணிக் காட்டினா கடைசியா ஓட்டலாம். இல்லன்னா இன்னைக்கு இதோட போதும்."

வெல்டர் ஏற்கெனவே வேனைத் திறந்துவிட்டார். "பழைய சக்கரத்தைப் போட்டுடலாம் மாமா. பதிமூணுல ஒரு பிரச்சனையும் வந்ததில்ல. நாலு வருஷம் ஓடியிருக்கு."

அண்ணனின் உடம்பில் இருந்த ஒவ்வொரு நரம்பும் ஆமாம் ஆமாம் என்றது. பதின்மூன்று. நல்ல பெரிய ரிம், உள்ளே கையை விட்டால் கை புழங்கும். அதைப் போட்டுவிட்டு, நிம்மதியாகத் தோற்று, வீட்டுக்குப் போய்விடலாம். வேன் வரைக்கும் போய்விட்டார். பழைய சக்கரத்தின் மேல் கையும் வைத்துவிட்டார். கை அங்கேயே நின்றது.

"மச்சான், ஸ்டியரிங் கம்பிய ரெண்டு விரல் நகர்த்தி ஒட்டினியே. இந்த அகல டயரு முழுசாத் திரும்பினா அதுல இடிக்குமா?"

"இடிக்காதுன்னுதான் நினைக்கிறேன்."

"அளந்தியா?"

"இல்ல."

"நானும் அளக்கல" என்றார் அண்ணன். "பத்தை அளந்திருக்கேன். அளவு சரிதான். ஒட்டினதுதான் தப்பு. நாலு சக்கரத்துலயும் எல்லாத்தையும் சுரண்டி எடுத்துடலாம். நிப்பிள மாத்திடலாம். பத்துலயே ஓடட்டும்."

"மாமா, நீங்களா சொல்றீங்க?"

"எனக்கும் அதான் சந்தேகமா இருக்கு. பேசாம ஜாக்கியப் பிடி."

பயந்தவருடைய பெட்டியில் இல்லாத சாமான் கிடையாது. புது நிப்பிள் நான்கு இருந்தது. அவசரத்தில் முதல் நிப்பிளைத் தரையில் போட்டுத் தொலைத்தார், இரண்டாவதைப் பொருத்திவிட்டார். சுரண்டியால் பசையோடு துண்டுகளைப் பெயர்த்தெடுத்தார். பெட்டியின் ஓரத்தில் காய்ந்துகிடந்த களிமண்ணை எச்சில் தொட்டுப் பிசைந்து, அப்பி, சக்கரத்தை மாட்டிச் சுற்றி, கழற்றிப் பார்த்தார். ஐந்து. மற்ற மூன்றிலும் பார்த்தார். டீச்சர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்து மிதித்துக் கொடுக்க, குழாயிலிருந்த காற்றைக் கொப்புளம் கொப்புளமாக வெளியே எடுத்தார்கள். அந்த அரைமணி நேரமும் கணவனும் மனைவியும் "மிதி", "விடு", "மிதி", "விடு" என்பதைத் தவிர வேறு பேசவில்லை.

டெஸ்ட் பண்ண டீச்சர் ஹெல்மெட்டை எடுத்தபோது அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல நான்."

"நீங்களா?"

"ஆமா. நான் செஞ்ச வேலை. முதல்ல என்னை வச்சு நிக்கட்டும்."

டீச்சர் சிரிக்கவில்லை. அண்ணன் அந்த வண்டியை ஒருநாளும் ஓட்டியதில்லை. வேனையே நாற்பதுக்கு மேல் ஓட்டாதவர். மனைவியின் அளவுக்குச் செய்த சீட்டில் இடுப்பு பாதிதான் இறங்கியது. ஹெல்மெட்டுக்குள் அவளுடைய வியர்வையும் எண்ணெயும் கலந்த வாசனை. பின்னால் இன்ஜின் பிடித்துக்கொண்டதும் முதுகெலும்பு முழுக்க அதிர்ந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு முன்சக்கரங்களும் திறந்து கிடந்தன. தரை கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. இதில் உட்கார்ந்துதான் இவள் நான்கு வருடமாகப் போய்வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே பெல்ட்டை இன்னொரு தடவை இறுக்கினார்.

கிடங்குக்குப் பின்னால் ஒரு நீளமான சந்து. முடிவில் மூடிய ஷட்டர். முதல் தடவை நடந்து போகிற வேகத்தில் போய் மிதித்தார். நின்றது. இரண்டாவது தடவை கொஞ்சம் கூட்டினார். நின்றது. மூன்றாவது தடவை, டீச்சர் போகிற வேகம் எதுவோ அந்த வேகம் வரவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தார். ஷட்டர் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. சாமியைக் கூப்பிட்டாரா, மனைவியைக் கூப்பிட்டாரா என்று அவருக்கே தெரியாது. முழு பலத்தோடு பிரேக்கை அமுக்கினார். பெடல் கல் மாதிரி நின்றது. வண்டி மூக்கைத் தாழ்த்தி, ஷட்டருக்கு மூன்று ஆள் தூரத்தில் நின்றது.

இறங்க முடியவில்லை. வெல்டரும் டீச்சரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி வெளியே எடுத்தார்கள். அண்ணன் உட்கார்ந்து நிப்பிளைச் சுற்றி வெள்ளைக் காகிதத்தை வைத்து ஒற்றினார். காகிதம் காய்ந்தே இருந்தது.

கடைசி வண்டியாக டீச்சர் கோட்டுக்கு வந்தார். அண்ணன் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டார்.

"பயமா இருக்குங்களா?"

"ரொம்ப."

"எனக்கும்" என்றார் டீச்சர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. "அந்தச் சொட்டு கண்ணுக்குள்ளயே நிக்குது."

வேண்டாம், இறங்கிவிடு என்று சொல்ல அண்ணனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்கப்போவதில்லை. சொன்னால் அவள் இறங்கிவிடுவாள் என்றும் தெரிந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"பெடல் நல்லா கெட்டியா இருக்கு" என்றார். "நான் மிதிச்சுப் பாத்துட்டேன்."

டீச்சர் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

அண்ணன் பாதையைச் சுற்றிக்கொண்டு நேராகக் கடைசிக் கட்டத்தின் பக்கம் போய் நின்றார். கொடி விழுந்ததை அவர் பார்க்கவில்லை, இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. அது ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பெரிய வளைவு. அவர் மூச்சு விடவில்லை. டிக் டிக் என்று எதுவும் கேட்கவில்லை, அல்லது அவர் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில் அது கேட்டிருக்காது. கடைசி நேர்பாதையில் வண்டி அவரை நோக்கி வந்தது. முன்னால் கட்டம், பின்னால் சுவர், நடுவில் அவர் அளந்த நான்கு சக்கரம். மிதி, மிதி, மிதி என்று அவருடைய வலது கால் வெறும் தரையை மிதித்தது.

டயர்கள் கீச்சென்றன. ரப்பர் வாசனை வந்தது. வண்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டி, கட்டத்துக்குள் வந்து, லேசாகக் குலுங்கி அடங்கியது.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெல்டர் கடிகார மேஜைப் பக்கமிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"மாமா, பாத்தீங்களா? பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன்."

"எவ்வளவுன்னு பாத்தீங்களா?"

"நின்னுச்சு."

"டைம் கேக்கறேன் மாமா."

"அதான் சொல்றேன், மச்சான்" என்றார் நட்டு அண்ணன். கண்ணைத் துடைக்கவும் கை எழவில்லை. "நின்னுச்சு."